இரண்டு இதழ் போன சக்கரம்

அநியாயம் நடந்தது எங்கள் மதினிக்கு, அக்கா. பெல்சியா என்று பெயர். என் அண்ணன் ரெனால்டின் மனைவி. வீட்டு எஞ்சினை எரித்தவள் என்று அவளுக்குப் பட்டம் கட்டினார்கள். அவள் எரிக்கவில்லை. எப்படி எரிந்தது என்று நான் நிரூபித்தேன், சங்கக் கட்டடத்தில், அத்தனை ஆண்களுக்கு முன்னால், நின்றுகொண்டு. அதற்குச் சாட்சிதான் இந்த டிபன் டப்பாவில் இருக்கிறது. சோறு என்று நினைத்துத்தானே பஸ்ஸில் ஜன்னல் பக்கம் நகர்ந்து இடம் கொடுத்தீர்கள்? சோறு இல்லை. திறந்து காட்டுகிறேன், பாருங்கள்.

ரப்பர்தான். உள்ளங்கையில் அடங்குகிற சக்கரம். நடுவில் பித்தளை, சுற்றி இதழ் இதழாக ஆறு இருக்க வேண்டும். எண்ணுங்கள். நாலுதான் இருக்கிறது. அந்த நாலிலும் நுனியைத் தடவிப் பாருங்கள், கண்ணாடி மாதிரி வழவழவென்று, கறுத்துப் போய். இதற்குப் பெயர் இம்பெல்லர். வள்ளத்தின் பின்னால் மாட்டுகிற எஞ்சின் இருக்கிறதே, தண்ணீருக்குள் இறங்குகிற அதன் காலுக்குள் இது உட்கார்ந்திருக்கும். கடலில் இருந்து தண்ணீரை உறிஞ்சி மேலே அனுப்பும். அந்தத் தண்ணீர்தான் எஞ்சினைச் சுற்றி வந்து சூட்டை எடுத்துக்கொண்டு போகும். இது நின்றால் எஞ்சின் கொதிக்கும். அவ்வளவுதான் விஷயம். இந்த அவ்வளவுதான் விஷயத்தை எங்கள் ஊர் ஆண்களுக்குப் புரியவைக்கப் பன்னிரண்டு நாள் ஆனது.

மதினியே என்னிடம் கொடுத்து அனுப்பினாள். "இத நீ கொண்டு போ ஜெனி. ஹாஸ்டல்ல படிக்கிற மேசையில கண்ணுல படுத மாதிரி வச்சுக்க" என்றாள். நன்றியை வாயால் சொல்லத் தெரியாதவர்கள் இப்படித்தான் எதையாவது கையில் கொடுப்பார்கள்.

நான் எம்.ஏ. சமூகவியல், இரண்டாம் வருஷம். பல்கலைக்கழக வாதப்போட்டியில் இரண்டு தடவை முதல் பரிசு. என் ஆய்வுக்கட்டுரைத் தலைப்பே கடலோரப் பெண்களும் முடிவெடுக்கும் உரிமையும் என்பதுதான். சொல்லுங்கள், என் சொந்த வீட்டிலேயே ஒருத்திக்கு அநியாயம் நடந்தால் நான் வாயை மூடிக்கொண்டு இருப்பேனா? இருங்கள், நீங்கள் ஏதோ கேட்க வந்தீர்கள். நான் முடித்துவிடுகிறேன், பிறகு கேளுங்கள்.

எங்கள் ஊர் உடன்குடி தாண்டிப் போகிற கடற்கரை. எங்கள் வள்ளம் ஃபைபர் வள்ளம். அண்ணனும் டன்ஸ்டன் மாமாவும் கூட்டாகப் போகிறார்கள். மாமா என் அம்மாவின் தம்பி, கடலில் முப்பது வருஷம். அந்த முப்பது வருஷத்தை அவர் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேதான் நடப்பார். எதைக் கேட்டாலும் அதைத்தான் எடுத்து நீட்டுவார். "முப்பது வருஷம் பாத்தவன் சொல்லுதேன்."

மதினி வேறு ஊர். அவள் அப்பா எஞ்சின் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர். கல்யாணத்துக்கு மற்றவர்கள் பீரோ, கட்டில் கொண்டுவருவார்கள் அல்லவா? இவள் அதோடு ஒரு இரும்புப் பெட்டியும் கொண்டுவந்தாள். உள்ளே ஸ்பேனர், ரிஞ்சு, எஞ்சினுக்குள் அழுத்தம் எவ்வளவு என்று பார்க்கிற ஒரு கம்ப்ரஷன் மீட்டர். எங்கள் தெருவே வந்து பார்த்தது. மாமா மட்டும், "மாப்பிள்ளைக்குக் கறி வைக்கவா, நட்டு வைக்கவா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். மதினியும் சிரித்தாள். எனக்கு மட்டும் உடம்பு எரிந்தது.

தினமும் மதியம் வள்ளம் கரைக்கு வந்ததும் எஞ்சினைக் கழற்றித் தோளில் தூக்கி வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். கொல்லையில் ஒரு பெரிய டிரம். மதினி அதில் நல்ல தண்ணீர் நிரப்பி, எஞ்சினின் காலை உள்ளே இறக்கி, ஐந்து நிமிஷம் ஓட்டுவாள். உள்ளே இருக்கிற உப்பெல்லாம் கரைந்து வர வேண்டும். ஓடுகிற எஞ்சினின் பின்பக்கம் நூல் மாதிரி ஒரு தண்ணீர் பீச்சும். எங்கள் ஊரில் அதை "ஒண்ணுக்கு அடிக்குதா?" என்றுதான் கேட்பார்கள், பெரிய மனிதர்கள்கூட. கூச்சப்படாதீர்கள், இது தொழில் பேச்சு. அந்தத் தண்ணீரில் மதினி விரலை வைத்துப் பார்ப்பாள், இளஞ்சூடாக வருகிறதா என்று. மூன்று வருஷமாக ஒரு நாள் தவறியதில்லை. பிள்ளையைக் குளிப்பாட்டுகிற மாதிரி செய்வாள்.

அவளுக்கு ஒரு ஆசை. மீனவர் பயிற்சி நிலையத்தில் வெளிப்பொருத்து எஞ்சின், அதாவது இந்த வள்ளத்து எஞ்சின், பழுது பார்க்கிற பயிற்சி நடத்துகிறார்கள். இருபது நாள். சான்றிதழ் கொடுத்தால் அவள் சொந்தமாகவே ஒரு ஒர்க்‌ஷாப் போடலாம். எங்கள் கரையிலிருந்து ஒரு பெண்கூட இதுவரை போனதில்லை. விண்ணப்பத்தை நான்தான் கம்ப்யூட்டரில் எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தேன். பூர்த்தி செய்ததும் நான்தான். அவள் ஒரு இடத்தில் ஏதோ மாற்றி எழுதச் சொன்னாள், நான் விட்டுவிட்டேன், நான் எழுதியதுதான் நன்றாக இருந்தது. அதில் ஊர்ச் சங்கத் தலைவரின் கையெழுத்தும் முத்திரையும் வேண்டும். இரண்டு வாரத்துக்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். கையெழுத்து வாங்கப் போகிற சமயத்தில்தான் எஞ்சின் நடுக்கடலில் நின்றது.

எப்படி நின்றது என்று அண்ணன் சொன்னான். விடியற்காலை போனார்கள், வலை போட்டார்கள், திரும்பி வரும்போது பெயின்ட் கருகுகிற வாடை. எஞ்சின் இழுவை குறைந்தது, முக்கி முனகி நின்றுவிட்டது. மூடியைத் தொட்டால் தோசைக்கல். மாமா ஒரு வாளி கடல் தண்ணீரை எடுத்து அதன் தலையில் ஊற்றப் போயிருக்கிறார். அண்ணன் தடுத்தானாம், கொதிக்கிற இரும்பில் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடும் என்று பெல்சியா சொல்லியிருக்கிறாள் என்று. வேறு வள்ளம் வந்து கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. வருகிற வழி முழுக்க மாமா ஒரே பாட்டு. உப்புத்தான் அடைத்திருக்கிறது, ஒழுங்காகக் கழுவியிருந்தால் அடைக்காது, பொம்பளை கழுவினால் இப்படித்தான் ஆகும். கரைக்கு வந்து சேருவதற்குள் அது தீர்ப்பாகிவிட்டது. சாயங்காலம் மீன் ஏலம் போடுகிற இடத்தில் அதைச் சொல்லிச் சிரித்தார்கள்.

நான் கேட்கிறேன், எஞ்சின் ஓடும்போது பின்னால் தண்ணீர் பீச்சுகிறதா என்று முப்பது வருஷம் பார்த்தவர் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாரா? பார்க்கவில்லை. அதை யாராவது கேட்டார்களா? கேட்கவில்லை.

அன்றைக்கே மதினி விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு கஸ்பார் தலைவரிடம் போனாள். போகாதீர்கள், நான் வருகிறேன் என்று சொன்னேன், கேட்காமல் போய்விட்டாள். தலைவர் நல்ல மனிதர்தான். ஆனால் நல்ல மனிதர்கள் எப்போதும் கூட்டம் எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டுத்தான் நல்லவர்களாக இருப்பார்கள். "உன் வீட்டு எஞ்சினயே காப்பாத்த முடியலயே பிள்ள, ஊரு எஞ்சினுக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போட?" என்று கேட்டிருக்கிறார். தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவள் வந்து தாளை மடிக்காமல் பைபிளுக்குள் வைத்தாள். அழவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அப்போதே முடிவு செய்தேன், இதை விடக் கூடாது என்று.

மறுநாள் காலையில் எஞ்சினைப் பரிசோதித்தோம். பரிசோதித்தோம் என்றால், கை அவளுடையது, கேள்வி என்னுடையது. அண்ணன் வந்ததும் வராததுமாகக் கயிற்றைப் பிடித்து ஸ்டார்ட் செய்து பார்க்கப் போனான். மதினி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். பிஸ்டன் உரசிப் பிடித்திருந்தால், இழுக்கிற ஒரே இழுப்பில் இருக்கிறதும் போகும் என்றாள். முதலில் இரண்டு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றினாள். வெயிலில் தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். என்ன பார்க்கிறீர்கள் என்றேன். வெள்ளிப் பொடி மாதிரி மினுக்கம் இருக்கிறதா என்று பார்க்கிறாளாம். இருந்தால் பிஸ்டன் உருகியிருக்கிறது என்று அர்த்தம். இல்லை. பிறகு பிளக் இருந்த ஓட்டை வழியாகச் சொட்டுச் சொட்டாக ஆயில் விட்டு, எஞ்சின் தலையில் இருக்கிற பெரிய சக்கரத்தைக் கையாலேயே மெதுவாகச் சுற்றினாள். கண்ணை மூடிக்கொண்டு சுற்றினாள். "எங்கயும் பிடிக்கல" என்று சொன்னபோது அவள் மூச்சை அப்போதுதான் விட்டாள் என்று தெரிந்தது.

அடுத்தது அந்த மீட்டர். பிளக் இருந்த ஓட்டையில் மாட்டி அண்ணனைக் கயிறு இழுக்கச் சொன்னாள். முள் எழுந்து நின்றது. இரண்டாவது ஓட்டையிலும் பார்த்தாள். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. ஒன்று ரொம்பக் கீழே இருந்தால் அந்தச் சிலிண்டர் போய்விட்டது என்று அர்த்தமாம். அண்ணன் முகத்தில் அப்போதுதான் ரத்தம் வந்தது. புது எஞ்சின் வாங்குவது என்றால் வேறு வள்ளத்துக்குக் கூலிக்குப் போக வேண்டியதுதான், அந்தப் பயம்.

அப்புறம்தான் காலைக் கழற்றினாள். போல்ட்டைத் தளர்த்தி உருவினால் உள்ளே இந்தச் சக்கரம். எடுத்துத் துடைத்துப் பார்த்தாள். நுனியை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். தண்ணீர் போகிற குழாய்க்குள் விரலை விட்டு எடுத்து என்னிடம் நீட்டினாள். "உப்பு இருக்கா, பாரு." இல்லை, அக்கா. சுத்தமாக இருந்தது. உப்பு அடைத்திருந்தால் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாகக் கட்டியிருக்கும், இதழும் அப்படியே இருக்கும். இது வேறு.

"இது தண்ணி இல்லாம ஓடியிருக்கு" என்றாள் மதினி. "தண்ணிதான் இதுக்கு எண்ண மாதிரி. அது இல்லாம சுத்துனா ரப்பர் உரசி உரசி வெந்துரும். வெந்தது அன்னைக்கே போகாது. ஒரு வாரம், பத்து நாள் தாங்கும், அதுவர தண்ணியும் ஒழுங்காத்தான் பீச்சும். அப்புறம் ஒவ்வொண்ணா பிச்சுக்கிட்டுப் போகும்."

எனக்கு எழுந்து கைதட்ட வேண்டும் போல இருந்தது. நான் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன். காரணம் கிடைத்துவிட்டது, வாருங்கள், இப்போதே தலைவரிடம் போவோம் என்றேன். அவள் என்னவென்றால் போன இரண்டு இதழையும் தேட உட்கார்ந்துவிட்டாள். அது எதற்கு இப்போது என்றேன். அந்தத் துண்டு மேலே எங்கேயோ போய் அடைத்துக்கொண்டிருக்கும், அதை எடுக்காமல் புதுச் சக்கரம் போட்டால் திரும்பவும் கொதிக்கும் என்றாள். ஒரு துண்டு மேல் மூடிக்குள் கிடைத்தது. இன்னொன்றுக்காக மத்தியானம் வரை கம்பியை வளைத்து வளைத்துத் துழாவிக்கொண்டிருந்தாள். நியாயம் வாசலில் நின்று காத்திருக்கிறது, இவள் ஒரு ரப்பர்த் துண்டைத் தேடிக்கொண்டிருக்கிறாள். சிலருக்கு எது பெரிய விஷயம், எது சின்ன விஷயம் என்று தெரியவே தெரியாது.

ஒருவழியாக அதுவும் கிடைத்தது. புதுச் சக்கரம் போட்டாள். டிரம்மில் இறக்கி ஓட்டினாள். நூல் மாதிரித் தண்ணீர் பீச்சியது. விரலை வைத்துப் பார்த்தாள். "எஞ்சின் பொழச்சுட்டு ஜெனி. தலைவர இங்க ஒரு எட்டு வரச் சொல்லி, ஓட்டிக் காட்டுனா போதும். கையெழுத்துப் போட்டுருவாரு" என்றாள்.

போதாது என்றேன். எப்படிப் போதும்? எஞ்சின் ஓடுவது வேறு, பழி போவது வேறு. "நீங்க சும்மா இருங்க மதினி, நான் பேசிக்கிடுதேன்" என்று சொன்னேன்.

நினைத்த மாதிரியே ஆயிற்று. சக்கரத்தைக் கொண்டுபோய் மாமா முகத்துக்கு நேரே பிடித்தேன். உப்பு இல்லை, தண்ணீர் இல்லாமல் ஓடியிருக்கிறது என்றேன். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே, "அப்போ டிரம்முல தண்ணி கொறச்சலா வச்சு ஓட்டியிருப்பா" என்றார். பாருங்கள்! உப்பு என்றாலும் அவள், தண்ணீர் என்றாலும் அவள். காரணம் மாறுகிறது, குற்றவாளி மாறவில்லை. வாதத்தில் இதற்கு ஒரு பெயர் இருக்கிறது, விடுங்கள்.

அப்படியென்றால் எஞ்சின் எப்போது தண்ணீர் இல்லாமல் ஓடியது? இதுதான் கேள்வி. ராத்திரி பகலாக யோசித்தேன். டிரம் எப்போதும் விளிம்பு வரை இருக்கும், நானே பார்த்திருக்கிறேன். கடலில் தண்ணீருக்குப் பஞ்சம் இல்லை. கரையில்? கரையில் எஞ்சினை யார் ஓட்டுவார்கள்?

திருவிழா!

உங்களுக்குத் தெரியாது அல்லவா, சொல்கிறேன். எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில் பத்து நாள் யாரும் கடலுக்குப் போகமாட்டார்கள். கடைசி நாள் வள்ளம் எல்லாவற்றையும் கரையில் வரிசையாக நிறுத்தி, பூ கட்டி, எஞ்சினை மாட்டி வைப்பார்கள். சாமியார், பாதிரியாரை அப்படித்தான் சொல்வோம், தீர்த்தம் தெளித்து மந்திரித்துக்கொண்டே வருவார். அவர் நம் வள்ளத்துக்கு முன்னால் வந்து நிற்கும்போது எஞ்சின் உறும வேண்டும். எந்த வள்ளம் உறுமாமல் நிற்கிறதோ, அதற்கு அந்த வருஷம் மீன் படாது என்று ஊரில் ஒரு பேச்சு. சும்மா ஒரு இழுப்பு, ஒரு உறுமல், நிறுத்திவிடுவார்கள். நான் அதை வீடியோ எடுத்தேன், ஊர்வழக்கம் ஒன்று ஆய்வுக்கு உதவும் என்று. ரொம்ப அழகான வீடியோ. பூவும் புகையும் சூரியனும் சாமியாரின் வெள்ளை அங்கியும் ஒரே ஃப்ரேமில். மேலே ஒரு பாட்டைப் போட்டு ஸ்டேட்டஸில் வைத்தேன். நானூற்றுப் பதினோரு பேர் பார்த்தார்கள். ஒரு பேராசிரியர்கூட இதயம் போட்டார்.

அந்த வீடியோவில் கயிற்றை இழுத்து எஞ்சினை ஸ்டார்ட் செய்வது யார்? டன்ஸ்டன் மாமா! மணலில், தண்ணீர் ஒரு சொட்டு இல்லாமல். வீடியோவின் நீளம் எவ்வளவு? ஒரு நிமிஷம் நாற்பது விநாடி. திருவிழா முடிந்து ஒன்பதாம் நாள் எஞ்சின் நின்றது. ஒரு வாரம், பத்து நாள் தாங்கும் என்று மதினி சொன்னாளே, சரியாகப் பொருந்துகிறது.

மதினியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமல், "அது எனக்குத் தெரியும்" என்றாள். தெரிந்துமா சும்மா இருந்தீர்கள் என்று கேட்டேன். "அந்த வீடியோ வேண்டாம் ஜெனி" என்றாள். மாமாவைக் காப்பாற்றுகிறாள்! தன்னை மிதித்த காலையே தடவிக் கொடுக்கிறாள். எத்தனை தலைமுறைப் பழக்கம் இது! அவள் மறுபடியும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "நீங்க சும்மா இருங்க மதினி, நான் பேசிக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பாதிக்கப்பட்டவர்களைப் பேசவிட்டால் விட்டுக்கொடுத்துவிடுவார்கள். நமக்குத்தான் உறுதி வேண்டும்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சங்கக் கட்டடத்தில் பேச ஏற்பாடு செய்தேன். தலைவர், மாமா, அண்ணன், இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர். மதினியை வரச் சொல்லி வற்புறுத்திக் கூட்டிக்கொண்டு போனேன். பெண்கள் அங்கே உள்ளே போய் உட்காருவது வழக்கம் இல்லை. நான் முதல் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், கையில் விண்ணப்பம்.

நான் பேசினேன் அக்கா. நன்றாகப் பேசினேன். இந்தச் சக்கரத்தை எல்லார் கையிலும் கொடுத்தேன். நுனியைத் தடவச் சொன்னேன். வலையில் விரல் தேய்ந்தவர்கள், அவர்களுக்குத் தொட்டதும் புரிந்தது. "வெந்துல்லா போச்சு" என்று ஒருவர் சொன்னார். உப்பு இல்லை என்பதை ஒத்துக்கொண்டார்கள். மாமா மட்டும் டிரம், டிரம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது நான் போனை எடுத்தேன். குற்றவாளி இந்த அறைக்குள்தான் இருக்கிறார், என் போனில் சாட்சி இருக்கிறது என்றேன். வாசலில் மதினி, "ஜெனி" என்றாள். நான் திரும்பவில்லை.

வீடியோவைப் போட்டேன். பாட்டு ஓடியது. பூ, புகை, சாமியார். தலைவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "பாட்டு எதுக்கு பிள்ள? எஞ்சின் எவ்வளவு நேரம் ஓடிச்சுன்னு சத்தம் கேக்கணும்லா? பாட்டு இல்லாதது இல்லையா?" என்றார். இருக்கிறது என்றேன். பெருமையாகவே சொன்னேன். ஒரிஜினலை எடுத்துச் சத்தத்தை முழுக்க வைத்து மேசை நடுவில் நிறுத்தினேன். நான் அதை அதுவரை சத்தத்தோடு கேட்டதில்லை. எடுத்த உடனேயே பாட்டைப் போட்டுவிட்டேனே, எதற்குக் கேட்க வேண்டும்?

மாமா கயிற்றை இழுக்கிறார். எஞ்சின் உறுமுகிறது. பத்து விநாடிகூட இருக்காது, மாமாவின் கை நிறுத்துகிற பொத்தானுக்குப் போகிறது. அப்போது ஒரு குரல் எஞ்சினையும் மீறிக் கத்துகிறது.

"மாமா, நிறுத்தாதீங்க! சாமியார் இன்னும் ஃப்ரேமுக்குள்ள வரலை!"

மாமாவின் கை திரும்பி வருகிறது. சாமியார் இரண்டு வள்ளத்துக்கு அந்தப் பக்கம் யாரோடோ நின்று பேசிக்கொண்டிருக்கிறார். எஞ்சின் உறுமிக்கொண்டே இருக்கிறது. இன்னொரு தடவை மாமாவின் கை போகிறது. இன்னொரு தடவை அதே குரல். "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்." அப்புறம் போனுக்குப் பக்கத்திலேயே, தாழ்ந்த குரலில், வேறு ஒருத்தி.

"ஜெனி, தண்ணி இல்லாம ஓடுது. நிப்பாட்டச் சொல்லு. உள்ள ரப்பர் வெந்துரும்."

அதற்கு முதல் குரல், "நீங்க சும்மா இருங்க மதினி."

சிரித்தார்கள் அக்கா. வாயைப் பொத்திக்கொண்டு, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வரச் சிரித்தார்கள். அண்ணன்கூடச் சிரித்தான். மாமா மட்டும் சிரிக்கவில்லை, சக்கரத்தைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். நான் கேட்கிறேன், இதில் சிரிக்க என்ன இருக்கிறது? நான் வைத்த வாதம் என்ன? எஞ்சின் உப்பால் எரியவில்லை, திருவிழா அன்றைக்குத் தண்ணீர் இல்லாமல் ஓடியதால் எரிந்தது. அது பொய்யா? அது நிரூபணம் ஆகவில்லையா? யார் நிறுத்தாதே என்று சொன்னார்கள் என்பது வேறு கேள்வி. அந்தக் கேள்வியை அன்றைக்கு யாரும் கேட்கவே இல்லை. முப்பது வருஷம் கடலுக்குப் போனவருக்கு, நிறுத்தாதே என்று ஒரு பிள்ளை சொன்னால் நிறுத்தாமல் இருக்கத்தான் தெரியுமா? அந்த வீடியோ இல்லை என்றால் டிரம் கதை இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். அதை எடுத்தது யார்? நான். அதைக் கொண்டுபோய் மேசையில் வைத்தது யார்? நான். சிரித்தவர்கள் யாரும் இதை யோசிக்கவில்லை. நான் எழுந்து நின்று அவ்வளவையும் சொன்னேன். குரல் கொஞ்சம் நடுங்கியிருக்கலாம். மைக் இல்லாமல் பேசினால் அப்படித்தான்.

சிரிப்பு அடங்கியதும் மாமா எழுந்தார். சக்கரத்தை மேசையில் வைத்தார். "நிப்பாட்டியிருக்கணும். என் கைதான அங்க இருந்துச்சு" என்றார். பிறகு தலைவரைப் பார்த்து, "அவ விண்ணப்பத்த வாங்குங்க" என்று சொல்லிவிட்டுத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். மதினியைத் தாண்டும்போது கொஞ்சம் ஒதுங்கி வழிவிட்டுப் போனார். மன்னிப்புக் கேட்டாரா என்றால் கேட்கவில்லை. இதையும் நான் குறித்து வைத்திருக்கிறேன்.

குரும்பூர் வந்துவிட்டதா? இங்கேயா இறங்க வேண்டும்? இருங்கள் அக்கா, கண்டக்டர் சில்லறை கொடுத்து முடிக்கட்டும். இன்னும் ஒரே ஒரு விஷயம்தான். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு நாளாக அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். எதிர்வாதம் ஒன்று கட்டாயம் இருக்கும், எனக்கு இன்னும் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

மதினி உள்ளே வந்தாள். நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. தலைவர் விண்ணப்பத்தை வாங்கி ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார். முத்திரையை மையில் ஒற்றி, தாளில் அழுத்தினார். கொடுப்பார் என்று பார்த்தால், தாளின் மேல் கையை வைத்துக்கொண்டு அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"ஒண்ணு மட்டும் கேக்கேன் பெல்சியா. இத்தன நாளா ஊரே உன்னச் சொல்லிச்சு. இது ஒனக்குத் தெரிஞ்சிருக்கு. ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?"

நான் வாயைத் திறந்தேன். அவள் எப்படிச் சொல்வாள், ஒடுக்கப்பட்டவர்களுக்கு மௌனம் என்பது... என்று ஆரம்பிக்கப் போனேன். மதினி என் பக்கம் திரும்பவே இல்லை. என் முழங்கையை லேசாகத் தொட்டாள். நான் நிறுத்திக்கொண்டேன். அவள் தாளைத் தலைவரின் கைக்கு அடியிலிருந்து மெதுவாக உருவி, முத்திரை மை காய்வதற்கு ஒரு ஊது ஊதினாள்.

"சொன்னேன் தலைவரே. அந்தப் போனுக்குள்ளயே இருக்கு. வேணும்னா இன்னொரு தடவ போடச் சொல்லுங்க."